சூப்பர்சார்ஜர் எஸ்4: டிராக்கில் ஓட்டத்துக்கு ஓட்டம் மெதுவாகிறது, எங்கே பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை_எஸ்4 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வண்டி ஆடி எஸ்4, பி8.5, 3.0 டிஎஃப்எஸ்ஐ, ஏழு கியர் எஸ் டிரானிக். கம்பெனியிலிருந்து வரும்போது 333 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர். எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினேன், ஆக்சிடென்ட் இல்லாத வண்டி. போன வருஷம் இசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனும், சூப்பர்சார்ஜருக்கு (என்ஜின் பெல்ட்டில் சுற்றி உள்ளே காற்றை அழுத்தித் தள்ளுவது) சின்ன புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டேன். ட்யூன் செய்தவர் கொடுத்த டைனோ (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) பேப்பரில் 400 குதிரைத்திறன் என்று இருக்கிறது.

கோவைப் பக்கம் போன மாதம் 402 மீட்டர் ஓட்டுவதற்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஒழுங்கான டைமிங் கருவி, முதல் 60 அடியைக் கடக்கும் நேரம்கூடப் பதிந்து ஸ்லிப் கொடுத்தார்கள். 12.5 நொடி வரும் என்று நம்பிப் போனேன். வந்தது இது:

முதல் ஓட்டம்: 13.4 நொடி, முடிவுக் கோட்டைத் தாண்டும்போது 166 கி.மீ. வேகம், 60 அடி 2.05.
கடைசி ஓட்டம்: 13.9 நொடி, 158 கி.மீ., 60 அடி 2.06.

நடுவில் ஓடியவையும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டேதான் வந்தன. கடைசி ஓட்டத்தில் மூன்றாம் கியருக்கு மேல் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலப் போனது. என் சிநேகிதன் ஆக்டேவியா ஆர்எஸ் கொண்டுவந்திருந்தான். அது டர்போ (புகை வேகத்தில் சுற்றிக் காற்றைத் தள்ளுவது). அவனுக்குக் காலையும் மதியமும் கிட்டத்தட்ட ஒரே நேரம். என் வண்டி மட்டும் ஏன் இப்படி?

லேப்டாப்பில் லாக் (ஓட்டத்தின்போது என்ஜின் அளவுகளின் பதிவு) எடுத்தேன். உள்ளே போகும் காற்றின் வெப்பம் முதல் ஓட்டத்தின் தொடக்கத்தில் 52, முடிவில் 68. கடைசி ஓட்டத்தில் 71-இல் தொடங்கி 93 வரை போயிருக்கிறது. நாக் (பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது) வருவதால் இக்னிஷன் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) இசியூ பின்னால் இழுக்கிறது. 1, 2, 3 சிலிண்டர்களில் 4 டிகிரி வரை, 4, 5, 6-இல் 9 டிகிரி வரை. பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் கொஞ்சம் இறங்குகிறது. வெளியே 36 டிகிரி வெயில். பெட்ரோல் கொச்சியில் நிரப்பிய 100 ஆக்டேன் (நாக் வராமல் தாங்கும் அளவு), ட்யூன் எழுதியது 98-க்கு.

செய்த வேலைகள்: பிளக் புதிது, ஏர் ஃபில்டர் புதிது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியாயிற்று. ஏப்ரலில் தெர்மோஸ்டாட் போனது, அதையும் மாற்றியாயிற்று. வேலந்தாவளம் ரோட்டில் தேங்காய் லாரிகள் நிற்கும் எடைமேடையில் என்னையும் வைத்து நிறுத்தேன், 1,790 கிலோ.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் இன்னும் ஒரு அளவு சின்ன புல்லி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் சாமான் வாங்கிப் போடப் பிடிக்கவில்லை. இந்த வண்டி மேல் எனக்கு அவ்வளவு பிரியம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுப்புணி_டர்போ எழுதியது:

ப்ரோ, 100 ஆக்டேன் என்று பம்பில் எழுதியிருந்தாலும் அந்த பங்க்கில் எவ்வளவு நாளாக டேங்கில் கிடந்தது என்று பாருங்கள். விலை அதிகம், வாங்குகிறவர் குறைவு. நாக் வருகிறதென்றால் என் முதல் சந்தேகம் பெட்ரோல்தான். நன்றாக ஓடும் பங்க்கில் நிரப்பி இன்னொரு லாக் எடுத்துப் பாருங்கள். பிளக் இடைவெளியும் ட்யூன் செய்தவர் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், புதிய பிளக் என்றால் பெட்டியிலிருந்து எடுத்தபடி போட்டுவிடுவார்கள்.

பூஸ்ட் மேலே இறங்குகிறது என்றால் புல்லி யோசனையும் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

பழைய_ஃபிட்டர்_மீனாட்சிபுரம் எழுதியது:

தம்பி, ஸ்லிப்பை முழுசாகப் போட்டதற்கு நன்றி. பாதிப் பேர் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தியம் கேட்கிறார்கள். நேரம் என்பது ஓட்டுபவன், டயர், தரை எல்லாம் கலந்த கணக்கு. கோட்டைத் தாண்டும் வேகம்தான் என்ஜினின் கணக்கு. கிளம்பும்போது தடுமாறினாலும் அந்த வேகம் பெரிதாக மாறாது. அதனால் முதலில் 166-ஐயும் 158-ஐயும் எடுத்துக்கொள்வோம்.

கணக்கு இப்படி. வேகத்தை 377-ஆல் வகுத்து, வருவதை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதை வண்டியின் கிலோவாலும் 2.2-ஆலும் பெருக்கினால் குதிரைத்திறன் ஏறக்குறைய கிடைக்கும். உன் 1,790 கிலோவுக்கு முதல் ஓட்டம் சுமார் 336. கடைசி ஓட்டம் சுமார் 290. அதாவது மதியம் உன் வண்டி கம்பெனி அளவுக்கும் கீழே ஓடியிருக்கிறது. ட்யூனும் புல்லியும் போட்ட பிறகு இது. இதைச் சின்ன குறையாக எடுத்துக்கொள்ளாதே.

இப்போது 400 என்ற பேப்பரைப் பார். டைனோ கணக்கு வழக்கமாக 25 டிகிரி, 990 மில்லிபார் காற்றுக்குத் திருத்தி எழுதப்படும். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 965 சுமாருக்கு இருக்கும். அன்றைக்கு 36 டிகிரி. இரண்டையும் சேர்த்தால் காற்று 6 சதவீதம் லேசாகிவிட்டது. என்ஜினில் குறையே இல்லாவிட்டாலும் அங்கே 376-தான் கிடைக்கும், வேகம் 172, நேரம் 12.7 அல்லது 12.8. ஆகவே 12.5 என்ற எதிர்பார்ப்பை அந்த இடத்துக்கும் அந்த வெயிலுக்கும் வைக்க முடியாது. இது வண்டியின் குற்றமில்லை, ட்யூன் செய்தவர் குற்றமும் இல்லை.

உன் சிநேகிதன் டர்போ ஏன் அசையவில்லை என்று கேட்டாயே. உன் வண்டியில் இருப்பது ஈட்டன் தயாரித்த நாலு இதழ் ரோட்டர். ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு என்று அள்ளித் தள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். காற்று லேசாக இருந்தால் லேசான காற்றையே தள்ளும். பெல்ட்டில் கட்டிப்போட்ட வேகம், கூட்ட முடியாது. டர்போவில் இசியூ வேஸ்ட்கேட்டை (டர்பைனைத் தொடாமல் புகையை வெளியே விடும் கதவு) இன்னும் கொஞ்சம் மூடி, டர்பைனை வேகமாகச் சுற்றவைத்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கும். பாலக்காட்டு வெயிலில் சூப்பர்சார்ஜர் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

சரி, 376 எதிர்பார்த்த இடத்தில் முதல் ஓட்டமே 336. பிறகு 290. இங்கேதான் கோளாறு.

நீ எழுதியதில் இரண்டு வரிகளை மறுபடி மறுபடி படித்தேன். ஒன்று, 4, 5, 6-இல் டைமிங் 9 டிகிரி பின்வாங்குகிறது, 1, 2, 3-இல் 4 தான். இன்னொன்று, ஏப்ரலில் தெர்மோஸ்டாட் மாற்றினாய் என்பது. இந்த என்ஜினில் தெர்மோஸ்டாட் சூப்பர்சார்ஜருக்கு அடியில், வி வடிவில் விரியும் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் இருக்கிறது. சூப்பர்சார்ஜரைத் தூக்காமல் அதைத் தொட முடியாது. தூக்கினால் அதோடு சேர்ந்த, அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் குளிர்விப்பான்களின் தண்ணீர்க் குழாய்களையும் கழற்ற வேண்டும். அந்தக் குளிர்விப்பான்கள் இரண்டு, வலப்பக்க சிலிண்டர்களுக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. 1, 2, 3 வலம். 4, 5, 6 இடம்.

பெட்ரோல் மோசமாக இருந்தால் ஆறு சிலிண்டரும் சேர்ந்துதான் தட்டும். நடுப்புணித் தம்பி சொன்னதை மறுக்கவில்லை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இப்படி அதிகமாகத் தட்டினால் அந்தப் பக்கத்துக் காற்று சூடாகப் போகிறது என்பதுதான் என் கணிப்பு. வேலை முடித்து கூலண்டை மேலிருந்து ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, அளவு பார்த்து மூடியிருப்பார்கள். மற்ற வண்டிகளுக்கு அது போதும். இதில் போதாது. இடப்பக்கத்தில் காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். நம் தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் காற்று பிடித்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் மட்டும் வராதே, அதே கதைதான் இங்கேயும். ஹைவேயில் நிதானமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. டாஷ்போர்டில் என்ஜின் சூடும் சரியாகவே காட்டும். முழுசாக மிதித்தால்தான் வெளியே வரும்.

செய்ய வேண்டியது: கூலண்டை இறக்கிவிட்டு, வேக்குவம் கருவி வைத்து உள்ளே இருக்கும் காற்றை முழுக்க இழுத்துவிட்டு, அந்த வெற்றிடத்திலேயே கூலண்டை உறிஞ்சவிட வேண்டும். கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதே. ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. அப்புறம் அந்தச் சுற்றுக்கென்று இருக்கும் மின் பம்ப்பை ஸ்கேனர் மூலம் தனியாக ஓடவைத்துப் பார்க்கச் சொல். கையை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். பம்ப்பே செத்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து கெட்டிருக்கும், உனக்கு ஒரு பக்கம்தான் அதிகம், அதனால் பம்ப் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. முன்னால் இருக்கும் அதற்கான ரேடியேட்டரின் இடுக்கில் பூச்சி, தேங்காய் நார், செம்மண் என்னென்ன அடைத்திருக்கிறது என்றும் டார்ச் அடித்துப் பார்.

இன்னும் சின்ன புல்லி வேண்டவே வேண்டாம். ரோட்டரை இன்னும் வேகமாகச் சுற்றவைத்தால் காற்று இன்னும் சூடாகும். சூட்டை வெளியேற்ற வழியில்லாத வண்டியில் சூட்டைக் கூட்டும் சாமானைப் போடுவது என்ஜினுக்குச் செய்யும் துரோகம். 93 டிகிரி காற்றில் 9 டிகிரி டைமிங் பின்வாங்குவது இசியூ உன் பிஸ்டனைக் காப்பாற்றுவதற்காகத்தான். அதற்கு மேலும் நெருக்காதே.

காற்றாடி_கஞ்சிக்கோடு எழுதியது:

ஃபிட்டர் அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. முதல் ஓட்டத்தில் குறைந்த 40 குதிரைத்திறன் முழுவதையும் சூட்டின் கணக்கில் எழுத முடியாது. 5,500-க்கு மேல் பூஸ்ட் இறங்குகிறது என்று நண்பர் எழுதியிருக்கிறார். இந்த சூப்பர்சார்ஜர் என்ஜினோடு கட்டப்பட்டது. என்ஜின் வேகம் ஏற ஏற பூஸ்ட் நிற்க வேண்டும் அல்லது ஏற வேண்டும். இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வேன். சின்ன புல்லியில் பெல்ட் பிடிக்கும் இடம் குறைவு, பழைய டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் பாகம்) ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பெல்ட்டைக் கழற்றி உள்பக்க வரிகளைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் வழுக்கியிருக்கிறது. புல்லியைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருந்தாலும் அதேதான். புல்லி மாற்றும்போது பெல்ட்டையும் அதற்கேற்ற குறைந்த நீளத்துக்கு மாற்றினார்களா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து, 60 அடி 2.05 என்பது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மிகவும் மெது. 1.85 பக்கம் வர வேண்டும். அங்கே 0.1 நொடி மிச்சம் பிடித்தால் கோட்டில் 0.15 வரை மிச்சமாகும், ஒரு ரூபாய் செலவில்லாமல். லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பும் வசதி) உண்மையாகவே வேலை செய்ததா? கியரை எஸ்-இல் வைத்து, ஈஎஸ்பியை (சறுக்கலைத் தடுக்கும் வசதி) ஸ்போர்ட்டில் வைத்து, இடது காலில் பிரேக்கை இறுக்கி, வலது காலில் முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். அது நிற்காமல் வண்டி சும்மா கிளம்பினால் சாதாரணமாகத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டாலும் அது அனுமதிக்காது.

காற்றையும் சொல்ல வேண்டும். வாளையார் கணவாய்க்குள் மழைக்காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எங்கள் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று. அது கோவைப் பக்கமும் வந்து சேரும். ஓடுதளம் எந்தத் திசை பார்க்கிறது, அன்று காற்று எப்படி என்று ஸ்லிப்பின் பின்னால் எழுதி வைத்தால் அடுத்த முறை ஒப்பிட உதவும். எதிர்க்காற்று 160-க்கு மேல் இரண்டு மூன்று கி.மீ.யைத் தின்றுவிடும்.

கொழிஞ்சாம்பாறை_எஸ்4 எழுதியது:

ஃபிட்டர் அண்ணா, காற்றாடி அண்ணா, நடுப்புணி ப்ரோ, மூவருக்கும் மனசு நிறைந்த நன்றி.

வேக்குவம் கருவி வைத்திருக்கும் ஒருவரைத் திருச்சூரில் கண்டுபிடித்தேன். பழைய கூலண்டை இறக்கியபோது சூப்பர்சார்ஜரின் இடப்பக்கக் குழாயைத் திறந்தால் சொட்டுகூட வரவில்லை. வலப்பக்கத்தில் நிறைய வந்தது. அவரே நின்று பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக இப்படி ஓடுகிறது என்று கேட்டார். பம்ப் நன்றாக இருக்கிறது. ரேடியேட்டர் இடுக்கில் அண்ணா சொன்னபடியே நாரும் செம்மண்ணும், அதையும் மெதுவாகக் கழுவிவிட்டோம்.

லாக் எடுக்க வாளையார் நாலு வழிச் சாலைக்குக் கூப்பிட்டார்கள், எனக்கு மனசு வரவில்லை. அந்த ரோட்டில் இரவும் பகலும் லாரி. கோவையில் டைனோவுக்கே காசு கொடுத்தேன். பானெட்டை மூடியே ஓட்டச் சொன்னேன், இடைவெளி விடாமல் தொடர்ந்து. வெளியே 34 டிகிரி. காற்றின் வெப்பம் முதலில் 44-இல் தொடங்கி 57, கடைசியில் 48-இல் தொடங்கி 61. இடப்பக்கம் டைமிங் பின்வாங்கல் 3 டிகிரிதான், வலப்பக்கமும் அதே 3. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

பூஸ்ட் மட்டும் இன்னும் 5,700-க்கு மேல் லேசாக இறங்குகிறது. பெல்ட்டைக் கழற்றினோம். வரிகள் மின்னுகின்றன. பில்லில் புல்லி இருக்கிறது, பெல்ட் இல்லை. கம்பெனி நீளப் பெல்ட்டையே போட்டிருக்கிறார்கள். சரியான நீளமும் புது டென்ஷனரும் சொல்லியிருக்கிறேன், வரப் பத்து நாள் ஆகும்.

லாஞ்ச் கண்ட்ரோல் பற்றி: லாக்கில் பார்த்தேன், முதல் ஓட்டத்தில் மட்டும் ஆர்பிஎம் நின்றிருக்கிறது, மற்றவற்றில் இல்லை. முதலிலும் 2.05 வந்ததற்கு டயர்தான் காரணமாக இருக்கும், நாலுக்கும் ஒரே காற்று, 38 பிஎஸ்ஐ, வைத்திருந்தேன்.

ஃபிட்டர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. டிராக் நாளில் வரிசையில் காத்திருப்பதே அரை மணி, முக்கால் மணி. அப்போது வண்டியை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பதா, அணைத்துவிடுவதா? இரண்டில் எது இந்த என்ஜினுக்குக் குளிர்ச்சி?

பழைய_ஃபிட்டர்_மீனாட்சிபுரம் எழுதியது:

நல்ல சேதி சொன்னாய் தம்பி. பெல்ட் விஷயத்தில் கஞ்சிக்கோட்டுத் தம்பி சரியாகப் பிடித்துவிட்டார், அதற்கு அவரைத்தான் பாராட்ட வேண்டும்.

ஏசி வேண்டாம். ஏசியின் கண்டென்சர் அதே முன்பக்கத்தில் சூட்டைக் கக்கும், உன் குளிர்விப்பு ரேடியேட்டருக்கும் அந்தச் சூடான காற்றுதான் கிடைக்கும். அணைத்துவிட்டுப் பானெட்டை மூடி வைப்பதும் கெடுதல்தான். சூப்பர்சார்ஜர் என்ஜினின் வி-க்குள் உட்கார்ந்திருக்கிறது. என்ஜின் நின்றதும் கீழே இருக்கும் சூடு முழுக்க மேலே ஏறி அந்த அலுமினியத்துக்குள் புகும். அரை மணி கழித்துக் கிளப்பினால் நீ முதலில் எழுதிய 71 டிகிரி வருவது அப்படித்தான்.

நான் செய்வது இது. கோட்டைத் தாண்டியதும் பிரேக் போட்டு நிற்காமல், திரும்பி வரும் பாதை முழுக்க மேல் கியரில் மெதுவாக, ஏசி இல்லாமல் வா. ஓடும் காற்றில் கூலண்ட் சுற்றிச் சூடு இறங்கும். வரிசைக்கு வந்ததும் அணைத்துப் பானெட்டைத் திறந்து வை. வரிசை நகரும்போது கிளப்பாதே, சிநேகிதனைக் கூப்பிட்டுத் தள்ளு. உனக்கு முன்னால் மூன்று வண்டி இருக்கும்போது பானெட்டை மூடிக் கிளப்பினால் பம்ப் சுற்ற நேரம் கிடைக்கும். முன் ரேடியேட்டரில் கைத்தெளிப்பானால் தண்ணீர் அடிக்கலாம், ஆனால் ஓடுதளத்தில் ஒரு சொட்டு விழக்கூடாது. அடுத்தவன் டயர் அதில் ஏறினால் அவன் உயிர். தெளிப்பதாக இருந்தால் பிட்டிலேயே தெளித்துத் துடைத்துவிட்டு வா.

டயருக்கு 38 அதிகம். கதவு ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டு இரண்டாக இறக்கி 60 அடி நேரத்தைப் பார். நேரம் குறைவது நின்ற இடத்தோடு நிறுத்திக்கொள். வீட்டுக்குத் திரும்பும் முன் மறக்காமல் பழைய அளவுக்கு நிரப்பு, வேலந்தாவளம் வளைவுகளில் காற்றுக் குறைந்த டயரோடு போகாதே.

பெல்ட் வந்து மாட்டியதும் மறுபடி ஒரு லாக் எடு. பூஸ்ட் கடைசி வரை நின்றால் அடுத்த ஓட்டத்தை டிசம்பர் காலையில் வை. 20 டிகிரிக் காற்றும் அதே 1,790 கிலோவும் என்றால் வேகம் 170-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஸ்லிப்பையும் லாக்கையும் இங்கே போடு, அப்போது எக்ஸாஸ்ட் பக்கம் பார்ப்போம்.